துணி மிஞ்சும் இடத்தைத் தேடுங்கள்
தையல் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் வழக்கமாகத் துணி வாங்கும் கடையை மூடிவிட்டார்கள். குயில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கப் பருத்தித் துணி வேண்டும். துணிக்கடை தவிர வேறு எங்கே கிடைக்கும்?

துணி விற்கும் இடங்களோடு நின்றுவிடாமல், துணியை வெட்டித் தைக்கும் இடங்களுக்கும் போய்ப் பாருங்கள். ஒரு ஆர்டருக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் எந்தத் தையல் கூடத்திலும் துணி வாங்குவார்கள். ஆர்டர் முடிந்ததும் ரோலின் கடைசியில் 1 மீட்டர், 2 மீட்டர் என்று மிஞ்சும். அவர்களுக்கு அது இடத்தை அடைக்கும் சுமை. குயில்டின் மேல்பக்கத்துக்கோ ஒரு நிறத்தில் 2 மீட்டரே தாராளம்.

முதலில் சட்டை தைப்பவர்களிடம் கேளுங்கள். நல்ல பருத்திச் சட்டைத் துணி குயில்டுக்கு அருமையாக அமையும். பெரும்பாலும் 58 அங்குலப் பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில், வரும் என்பதால் 44 அங்குலத் துணியைவிட ஒரு மீட்டரில் கூடுதல் கட்டங்கள் தேறும். சீருடைத் துணி மலிவாகக் கிடைத்தாலும் அதில் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கும். திரைச்சீலை, சோபா உறை தைப்பவர்களிடம் கிடைக்கும் கனத்த துணியைப் பைக்கும் மெத்தை உறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், குயில்டில் சேர்க்க வேண்டாம். அவர்கள் கழித்துவிடும் சாம்பிள் புத்தகங்களைக் கேட்டு வாங்கலாம். ஆனால் வாங்கும் முன் துண்டின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ரப்பர் பூச்சு இருந்தால் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும்.

எங்கே வாங்கினாலும் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "இது மிஞ்சிய துணியா, கழித்த துணியா?" மிஞ்சியது என்றால் குறை இருக்காது. கழித்தது என்றால் ஏன் கழித்தார்கள் என்று தெரிய வேண்டும். நெசவில் இழை அறுந்திருந்தாலோ, அச்சு ஓரிடத்தில் நகர்ந்திருந்தாலோ தாராளமாக வாங்கலாம். 2½ அங்குலப் பட்டைகளாக வெட்டும்போது அந்த இடத்தைத் தவிர்த்துவிட முடியும். நிறம் இடத்துக்கு இடம் லேசாக மாறுவதும் சிறு துண்டுகளில் தெரியாது. சாயம் நிற்கவில்லை என்று கழித்ததை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். முதல் சலவையிலேயே அது பக்கத்துத் துண்டுகளையும் கறையாக்கிவிடும்.

கேள்வி: கிலோ கணக்கில் கட் பீஸ் விற்கிறார்கள். மீட்டர் கணக்கோடு எப்படி ஒப்பிடுவது?

ஜிஎஸ்எம் தெரிந்தால் போதும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே ஜிஎஸ்எம். பன்னாவை மீட்டரில் போட்டு அதோடு பெருக்கினால் ஒரு மீட்டர் துணியின் எடை வந்துவிடும். 44 அங்குலம் என்பது 1.12 மீட்டர். 150 ஜிஎஸ்எம் பருத்தி என்றால் ஒரு மீட்டர் 168 கிராம், ஆக ஒரு கிலோவில் கிட்டத்தட்ட 6 மீட்டர் வரும். 340 ஜிஎஸ்எம் டெனிமில் அதே ஒரு கிலோவுக்கு 2.6 மீட்டர்தான் வரும். மூட்டையில் கனத்த துணி அதிகமாக இருந்தால் மலிவு மாதிரி தெரியுமே தவிர மலிவாக இருக்காது.

விற்பவருக்கு ஜிஎஸ்எம் தெரியாவிட்டால் நீங்களே கண்டுபிடிக்கலாம். 10 செ.மீ. சதுரம் வெட்டி எடை பார்த்து 100-ஆல் பெருக்க வேண்டும். அந்தத் துண்டு ஒன்றரை கிராம் அளவில்தான் இருக்கும், சமையலறைத் தராசு அதைச் சரியாகக் காட்டாது. அதனால் 50 செ.மீ. சதுரமாக எடுத்து நிறுத்து 4-ஆல் பெருக்குங்கள்.

அடுத்தது கழிவு. தையல் கூடத்து மூட்டைகளில் கழுத்து, அக்குள் வளைவுகளில் வெட்டி விழுந்த பிறைத் துண்டுகள் நிறைய இருக்கும். தைத்து முடித்த பின் 5 அங்குலக் கட்டம் வேண்டும் என்றால், நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு 5½ அங்குலத் துண்டு வெட்ட வேண்டும். பிறைத் துண்டில் அது தேறாது. முதலில் ஒரே ஒரு கிலோ வாங்கி வெட்டிப் பாருங்கள். 300 கிராம் கழிவானால் நீங்கள் கொடுத்த விலை 700 கிராமுக்கானது. அந்தக் கணக்கு கட்டுப்படியானால் மட்டும் மேலே வாங்குங்கள்.

கேள்வி: "சுத்தக் காட்டன்" என்று சொல்லித்தான் தருகிறார்கள். தைத்த பிறகே வேறு துணி என்று தெரிகிறது. வாங்கும்போதே எப்படித் தெரிந்துகொள்வது?

பழக்கமில்லாத இடத்தில் வாங்குபவர்களுக்கு இதுதான் முக்கியமான பாடம். ஒரு கை அகலத் துண்டு மாதிரி வாங்கி வந்து மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்.

முதலாவது நெருப்பு. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நான்கைந்து, குறுக்கே ஓடும் ஊடை நூல் நான்கைந்து தனித்தனியாக உருவுங்கள். ஒரு பக்கம் பருத்தியும் மறுபக்கம் பாலியஸ்டரும் ஓடும் துணிகள் உண்டு என்பதால் இரண்டையும் சேர்த்து எரிக்கக் கூடாது. இடுக்கியால் பிடித்து, உலோகத் தட்டுக்கு மேலே, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு எரியுங்கள். பருத்தி சட்டென்று பற்றும். காகிதம் எரியும் வாசனை வரும், சாம்பல் விரல் பட்டதும் உதிரும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். காகித வாசனையும் வந்து, சாம்பலில் கெட்டித் துகள்களும் நெருடினால் இரண்டும் கலந்த துணி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விஸ்கோஸ் ரேயானும் பருத்தி மாதிரியேதான் எரியும். அதனால் இரண்டாவது சோதனை தண்ணீர். ஒரு நூலின் நடுவில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து இரு முனையையும் பிடித்து இழுங்கள். நனைந்த இடத்திலேயே பட்டென்று அறுந்தால் ரேயான் என்று சந்தேகிக்கலாம், ஏனென்றால் ஈரத்தில் அது பலம் இழக்கும். பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும்.

மூன்றாவது கஞ்சி. துணியின் இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அந்த மொடமொடப்பு கஞ்சியால் வந்தது. சுடுதண்ணீரில் அலசிக் காயவைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உண்மையான நெசவு தெரியும். வலை போல இடைவெளி விழுந்திருந்தால் கால் அங்குலத் தையல் அந்தத் துணியில் நிற்காது, இழை நழுவித் தையல் பிரியும்.

பாலியஸ்டரை ஏன் இவ்வளவு தூரம் தவிர்க்கச் சொல்கிறோம் என்றால், பருத்தியும் அதுவும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. பருத்திக்கான சூட்டில் இஸ்திரி போட்டால் பாலியஸ்டர் பளபளத்துக் கெடும். சூட்டைக் குறைத்தால் பருத்தியின் தையல் படியாது. பிறகு மூலைகள் எப்படி ஒன்றுக்கொன்று சேரும்?

கேள்வி: இணையத்தில் வாங்கலாமா?

வாங்கலாம், விவரத்தை வரி வரியாகப் படித்துவிட்டு. பன்னா, ஜிஎஸ்எம், இழை மூன்றும் குறிப்பிடாத இடத்தில் கேட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். கெஜமா மீட்டரா என்று பாருங்கள். ஒரு கெஜம் 91.44 செ.மீ. மட்டுமே, 10 கெஜம் வாங்கினால் 10 மீட்டருக்கு 86 செ.மீ. குறைவு. சில இடங்களில் எண்ணிக்கை 1 என்றால் அரை மீட்டர். அப்படி இருந்தால், பல எண்ணிக்கை வாங்கும்போது ஒரே நீளமாக வெட்டித் தருவார்களா என்று உறுதி செய்யுங்கள். படத்தில் பூவின் அளவு தெரியாது. பக்கத்தில் அளவுகோல் வைத்த படம் கேளுங்கள். 6 அங்குலப் பூவை 2 அங்குலக் கட்டத்தில் வெட்டினால் ஒரு இதழ்கூட முழுசாக வராது.

திரையில் தெரியும் நிறத்தை நம்பிப் பெரிய அளவில் வாங்காதீர்கள். மாதிரித் துண்டு வரவழைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் பிடித்துவிட்டால் தேவையான முழு நீளத்தையும் ஒரே தடவையில் வாங்குங்கள், அடுத்த சாயத் தொகுதியில் அதே நிறம் கொஞ்சம் மாறி வரும். வெட்டிய துணியைப் பல இடங்களில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அஞ்சல் செலவுக்கு மேலே சொன்ன எடைக் கணக்கே உதவும்: 150 ஜிஎஸ்எம், 44 அங்குலம், 5 மீட்டர் என்றால் 840 கிராம்.

கேள்வி: பழைய சட்டைகள், விரிப்புகளை வாங்கிக் குயில்ட் தைக்கலாமா?

தைக்கலாம். பெரிய அளவுச் சட்டையாகத் தேர்ந்தெடுங்கள், முதுகுப் பகுதியில்தான் நல்ல துண்டு கிடைக்கும். முழங்கை, கழுத்து, அக்குள் நைந்திருக்கும். சந்தேகமான இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுங்கள், நூல் நெரியும் சத்தம் கேட்டால் அந்தப் பகுதி வேண்டாம். நெருக்கமாக நெய்த விரிப்புகளை மிஷினில் தைக்கலாம், கையால் குயில்ட் போட்டால் ஊசி இறங்காமல் விரல் வலிக்கும். பனியன் துணி இழுபடும், அதனால் வெட்டும் முன்பே பின்பக்கம் மெல்லிய ஒட்டு கேன்வாஸ் ஒட்டிவிடுங்கள். வாங்கி வந்ததைக் கட்டிய பையிலேயே வைத்திருந்து, துணி தாங்குமானால் 60 டிகிரி தண்ணீரில் துவைத்த பிறகே மற்றத் துணிகளோடு சேருங்கள். மூட்டைப்பூச்சி இருந்தால் அதோடு ஒழியும்.

கேள்வி: 60 x 80 அங்குலக் குயில்டுக்குப் பின்பக்கத் துணி எவ்வளவு வாங்க வேண்டும்? துவைத்துத்தான் வெட்ட வேண்டுமா?

ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூட்டுங்கள்: 68 x 88. 44 அங்குலப் பன்னாவில் ஓரம் போக 42 அங்குலம் வைத்துக்கொள்ளலாம். 88 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகளை நீளவாக்கில் இணைத்தால் அகலம் தாராளமாக வரும். மொத்தம் 176 அங்குலம், அதாவது 4.47 மீட்டர். சுருக்கத்துக்கும் சேர்த்து 4.75 மீட்டர் வாங்குங்கள். 108 அங்குலப் பன்னா கிடைத்தால் 1.85 மீட்டர் போதும், நடுவில் தையலும் வராது.

துணியைப் பல இடங்களிலிருந்து சேர்த்தவர்கள் கட்டாயம் துவைத்தே வெட்ட வேண்டும். ஒரு துணி 3 சதவீதம் சுருங்கும், இன்னொன்று 5 சதவீதம். தைத்த பிறகு சுருங்கினால் குயில்ட் அங்கங்கே இழுத்துக்கொண்டு நிற்கும். ஏற்கெனவே பட்டையாகவோ கட்டமாகவோ வெட்டி விற்கும் துண்டுகளை மட்டும் துவைக்காதீர்கள், ஓரம் பிரிந்து அளவு போய்விடும். அவற்றில் அடர்ந்த சிவப்பும் நீலமும் இருந்தால், ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.