தடதடக்கும் ஆவி

கேள்வி: ‘போல்டர்கைஸ்ட்’ (வீட்டில் ஓசை எழுப்பி, பொருள்களை எறிவதாகச் சொல்லப்படும், கண்ணுக்குத் தெரியாத ஆவி) என்பதில் முதல் பாதி, பாறாங்கல்லைக் குறிக்கும் ‘போல்டர்’ (boulder) என்ற ஆங்கிலச் சொல்தானே? வீட்டின் மேல் கல் விழுவதைத்தானே அப்படிச் சொல்கிறார்கள்? தமிழில் ‘கல்லெறிப் பேய்’ என்று எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. நம் எழுத்தில் ‘ப’ ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்பதால் வந்த மயக்கம் இது. அந்தப் பாறாங்கல், ‘பஸ்’ என்பதில் ஒலிக்கும் ப. இந்த ஆவி, ‘பல்’ என்பதில் ஒலிக்கும் ப.

சொல் ஜெர்மன். ‘போல்டர்ன்’ என்பது வினை: தடதட, கடமுட என்று ஓசை எழுப்புவது. மரப்படியில் கனத்த காலடி இறங்கினாலும், பீப்பாய் உருண்டாலும் அதே வினைதான். திருமணத்துக்கு முன் நடக்கும் ‘போல்டர்ஆபெண்ட்’ சடங்கிலும் அது உண்டு. விருந்தினர்கள் வாசலில் பீங்கான் தட்டுகளைப் போட்டு உடைப்பார்கள். சில்லுகளை மணமக்கள் சேர்ந்து பெருக்க வேண்டும். கண்ணாடி மட்டும் உடைக்க மாட்டார்கள், ஆகாது என்பார்கள். அங்கே ஆவியும் இல்லை, கல்லும் இல்லை, ஓசைதான்.

‘கைஸ்ட்’ என்பதைப் பேய் என்று சுருக்குவதும் தவறு. பரிசுத்த ஆவியும் அவர்களுக்குக் கைஸ்ட்தான். மனம், அறிவு என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆகவே ‘ஆவி’யே பொருந்தும். உருக்காட்டி மிரட்டும் பேய்க்கு ‘கெஷ்பென்ஸ்ட்’ என்று வேறு சொல் இருக்கிறது.

ஜெர்மன் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் 16ஆம் நூற்றாண்டு எழுத்துகளிலேயே இச்சொல் வருகிறது. ஆங்கில வாசகரிடம் இதைக் கொண்டுசேர்த்தவர் எழுத்தாளர் கேத்தரின் குரோ, 1848இல். அதற்கு வெகுமுன்பே, 1716இல் இங்கிலாந்தின் எப்வொர்த் பாதிரியார் இல்லத்தில் சுவரும் கதவும் தட்டப்பட்டபோது, அங்கே வாழ்ந்த வெஸ்லி குடும்பத்தார் அதைக் ‘கிழட்டு ஜெஃப்ரி’ என்று பெயரிட்டே அழைத்தார்கள். நிகழ்ச்சி பழையது, ஆங்கிலத்தில் சொல் புதியது.

பாறாங்கல்லை விட மனமில்லையென்றால் ஒன்று சொல்கிறேன். அந்த ஆங்கிலச் சொல், ஸ்வீடிஷ் வட்டார வழக்கின் ‘புல்லர்ஸ்டென்’ என்பதற்கு உறவு: ஓடை நடுவே கிடந்து நீரை இரைய வைக்கும் கல், ‘இரைச்சல் கல்’. உங்கள் கல்லுக்குள்ளும் ஓசைதான் இருக்கிறது!

‘குட்டிச்சாத்தான்’ என்று பெயர்ப்பவர்களும் உண்டு. கல் விழுவது இரண்டுக்கும் பொது என்றாலும், குட்டிச்சாத்தானை ஒருவர் ஏவ வேண்டும். ஜெர்மன் ஆவிக்கு ஏவுபவர் தேவையில்லை. ‘தடதடக்கும் ஆவி’ என்றே எழுதுங்கள். மூலச்சொல்லையே வைப்பதானால் ‘கைஸ்ட்’, ‘ஜீஸ்ட்’ அல்ல.