வெள்ளைத்தாளில் வைத்த கைரேகை ஊர்ச் சம்மதம் ஆகாது

கேள்வி: கொல்லிமலையில் எங்கள் ஊர். மலையாளி பழங்குடியினர். மூன்று தலைமுறையாக வனத்துறை இடத்தில் சாமையும் கேழ்வரகும் போட்டுச் சாப்பிடுகிறோம், பட்டா இல்லை. அலுமினியத் தாதுவான பாக்சைட் எடுக்கப் போவதாகச் சொல்லி ஒரு கம்பெனி ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். வேலை தருகிறோம் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள், என் அம்மாவும் கைரேகை வைத்துவிட்டார். இப்போது "நீங்களே சம்மதம் கொடுத்தாச்சு" என்கிறார்கள். ஊரைக் காலி செய்ய வேண்டுமா சார்?

பதில்: வேண்டாம். அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை, அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே நாலு வரி ஆங்கிலம், கீழே வரிசையாக நீல மை கைரேகைகள், தேதியும் இல்லை, தீர்மான எண்ணும் இல்லை. இது கிராம சபைத் தீர்மானம் ஆகவே ஆகாது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பிரிவு 4(5) சொல்வது இதுதான்: வன நிலத்தில் இருக்கும் பழங்குடியினரின் உரிமையைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் வேலை முடியும்வரை அவர்களை அங்கிருந்து வெளியேற்றக் கூடாது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நீங்கள் பயிர் செய்கிறீர்கள் என்றால் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம்.

ஆனால் தனி நிலத்தோடு நின்றுவிடாதீர்கள், பலரும் சறுக்குவது அங்கேதான். மேய்ச்சல் இடம், ஓடை, தேன், கடுக்காய் எடுக்கும் காடு, சாமி இருக்கும் சோலை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஊராகச் சமூக உரிமை கேளுங்கள். தனி மனுவுக்கு படிவம் அ, சமூக உரிமைக்கு ஆ, ஊர்க் காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமைக்கு இ. பழைய ரசீது இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இடுகாடு, சாமி கல், நீங்கள் கட்டிய வரப்பு எல்லாமே சாட்சியம்தான், மனு போடாத பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சேரும்.

ஒடிசாவின் நியம்கிரியில் நடந்ததும் பாக்சைட் விவகாரம்தான். டோங்ரியா கோண்டு மக்கள் நியம்ராஜா என்று கும்பிடும் மலை அது. கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்று 2013 ஏப்ரல் 18இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதி அந்தஸ்தில் ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருக்க 12 ஊர்களில் சபை கூடியது, பன்னிரண்டுமே வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதியை மறுத்துவிட்டது. சில ஊர்களில் ஒரு கை விரலில் எண்ணும் அளவுக்குத்தான் வீடுகள். அதனால் நம்ம ஊர் சின்னது, யார் கேட்பார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் கவனம். சுரங்கத்துக்கு எதிரான 1997 சமதா தீர்ப்பை யாராவது எடுத்துக்காட்டுவார்கள், அது அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என்று அறிவித்த இடங்களுக்கானது, தமிழ்நாட்டில் அப்படி அறிவித்த பகுதி ஒன்றுகூட இல்லை. அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் பெசா சட்டமும் அதனாலேயே நமக்குக் கிடையாது. போதாததற்கு, கிராம சபை சம்மதத்தைக் காட்டிய பிறகே வன நிலத்தை வேறு வேலைக்குத் தர மத்திய அனுமதி என்றிருந்த நிபந்தனையை 2022 வனப் பாதுகாப்பு விதிகளில் எடுத்துவிட்டு, பொறுப்பை மாநில அரசிடம் தள்ளிவிட்டார்கள். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. மனுவைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சபையைக் கூட்டுங்கள். பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுத்து, மனுக்களைத் தீர்மானத்தோடு ஆர்.டி.ஓ. தலைமையிலான உட்கோட்டக் குழுவுக்கு அனுப்பி, கட்டாயம் ஒப்புகை வாங்குங்கள். கைரேகை வைத்த எல்லோரும் சேர்ந்து, எதற்கென்று தெரியாமல் வைத்தோம் என்று கலெக்டருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினால் போய்ப் பேசுங்கள், அதுவும் கிராம சபையும் ஒன்றில்லை.

பயிரை அழித்தாலோ வழியை மறித்தாலோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(g)இல் புகார் கொடுக்கலாம், 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. மறுபடி அந்த ஜீப் வந்தால் வண்டி எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். தீர்மானம் எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், உட்கோட்டக் குழுவுக்கு அனுப்பும் முன் படித்துப் பார்க்கிறேன்.