பிரிண்டர் கொட்டேஷனைப் படிப்பது எப்படி? கேள்வி-பதில்

மாதம் சுமார் 1,500 பக்கம் அச்சிடும் வரி ஆலோசகர் அலுவலகம் எங்களுடையது. ஒரு கொட்டேஷனில் ‘டியூட்டி சைக்கிள் 20,000 பக்கம்’ என்றும், மற்றொன்றில் ‘ரெகமண்டட் வால்யூம் 3,000 பக்கம்’ என்றும் இருக்கிறது. 20,000 போட்டிருப்பதைத்தானே வாங்க வேண்டும்? (ஈரோடு)

அவசரப்படாதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவுகள். டியூட்டி சைக்கிள் என்பது ஏதோ ஒரு மாதத்தில் அந்த இயந்திரம் தாங்கக்கூடிய உச்சவரம்பு. மாதாமாதம் அவ்வளவு ஓட்டலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. ரெகமண்டட் மந்த்லி வால்யூம் என்பதுதான் வழக்கமாக ஓட்டவேண்டிய அளவு. பல மாடல்களில் இது டியூட்டி சைக்கிளில் பத்தில் ஒரு பங்கு, சிலவற்றில் அதைவிடக் குறைவு. ஆகவே 20,000 என்று போட்டிருப்பது உண்மையில் 2,000 பக்க இயந்திரமாக இருக்கலாம். உங்கள் இரண்டாவது கொட்டேஷன்தான் பெரிய இயந்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு மாடலுக்கும் இரண்டு எண்களையும் எழுதி வாங்குங்கள்.

வரம்பை மீறி ஓட்டினால் முதலில் தேய்வது தாளை இழுக்கும் பிக்-அப் ரோலர். ரப்பர் வழவழப்பாகி, தாளை எடுக்காமல் விடும், அல்லது இரண்டு தாளைச் சேர்த்து இழுக்கும். அடுத்தது ஃபியூசர். டோனர் பொடியைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் பாகம் அது. அது கெட்டால் எழுத்தை விரலால் தேய்த்தாலே உதிரும். சின்ன லேசர்களில் ஃபியூசரை மாற்றும் செலவைப் பார்த்தால், புதிதே வாங்கிவிடலாம் என்று தோன்றும். உங்கள் தொழிலில் ரிட்டர்ன் கெடு நெருங்கும் மாதங்களில் வேலை இரட்டிப்பாகும். சராசரியை விட்டுவிட்டு அந்த மாதக் கணக்கை வைத்து 3,000 பக்க ரெகமண்டட் வால்யூம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

வேகத்திலும் இதே கவனம் தேவை. சில இங்க் டேங்க் பிரிண்டர்களில் பெரிய எழுத்தில் ‘33 பி.பி.எம்’ (நிமிடத்துக்கு 33 பக்கம்) என்றும், கீழே சிறிய எழுத்தில் ‘10 ஐ.பி.எம்’ (நிமிடத்துக்கு 10 இமேஜ், அதாவது தாளின் 10 முகம்) என்றும் இருக்கும். முதலாவது மங்கலான டிராஃப்ட் அச்சின் வேகம். இரண்டாவதுதான் ஐ.எஸ்.ஓ முறைப்படி வழக்கமான தரத்தில் அளந்தது. லேசரில் பி.பி.எம் பெரும்பாலும் நம்பத்தக்கது, ஆனால் ஒன்றிரண்டு பக்கமாக அடிக்கடி அச்சிடும் அலுவலகத்துக்கு அதைவிட முக்கியம் ‘ஃபர்ஸ்ட் பேஜ் அவுட்’ நேரம். ஸ்லீப் மோடிலிருந்து எழுந்து முதல் பக்கம் வர எத்தனை விநாடி என்று தனியாகக் கேளுங்கள்.

புது லேசர் பிரிண்டருடன் வந்த டோனர் 700 பக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. பெட்டியில் 1,500 பக்கம் என்று போட்டிருந்ததே, ஏமாற்றிவிட்டார்களா? (விருதுநகர்)

பெரும்பாலும் ஏமாற்று இல்லை. பெட்டிக்குள் வருவது ‘ஸ்டார்ட்டர்’ டோனர். அதில் பாதியளவே பொடி இருப்பது வழக்கம். 1,500 என்பது கடையில் தனியாக வாங்கும் ஸ்டாண்டர்ட் டோனருக்கு உரிய எண். ‘இன்-பாக்ஸ் டோனர் எத்தனை பக்கம்?’ என்று வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. சில விற்பனையாளர்கள் கூடுதல் தொகைக்கு முழு டோனரும் சேர்த்தே தருவார்கள்.

பேஜ் யீல்டு எனப்படும் இந்தப் பக்கக் கணக்கு எப்படி வருகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். கறுப்பு லேசருக்கு ஐ.எஸ்.ஓ 19752, கலர் லேசருக்கு 19798, இங்க்ஜெட்டுக்கு 24711 என்று தரநிலைகள் உண்டு. கறுப்பு லேசர் சோதனைத் தாளில் மை படும் பரப்பு ஏறக்குறைய 5 சதவீதம்தான். ஒரு சுருக்கமான கடிதம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட பாலன்ஸ் ஷீட், பெரிய லோகோ உள்ள லெட்டர்ஹெட், ஆதார் நகல் எல்லாம் 10, 15 சதவீதத்தை எளிதில் தாண்டும். அப்போது பக்கக் கணக்கு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். அதிலும் ஆதார், பான் அட்டையைக் கறுப்புப் பின்னணியோடு நகல் எடுப்பது டோனரை வாரி விழுங்கும். காப்பி மெனுவில் ‘டென்சிட்டி’யை ஒரு படி குறைத்து, மூடியை முழுவதும் மூடி எடுங்கள்.

டிரம் (டோனர் பொடியை ஏந்தித் தாளில் பதிக்கும் உருளை) வேறு, டோனர் வேறு என்பதையும் விலை கேட்கும்போது மறக்காதீர்கள். சில மாடல்களில் இரண்டும் ஒரே கார்ட்ரிட்ஜில் இருக்கும். சிலவற்றில் டிரம் தனி, 12,000 பக்கம் போல உழைக்கும். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு: 2,600 பக்க டோனர் 3,900 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 1.50. 12,000 பக்க டிரம் 6,000 ரூபாய் என்றால் 50 காசு. தாளை விட்டுவிட்டால் ஒரு பக்கம் 2 ரூபாய். பிரிண்டர் விலையில் 2,000 ரூபாய் குறைத்துக் கொடுத்து, பக்கத்துக்கு ஒரு ரூபாய் கூட வாங்கும் இயந்திரம் உங்கள் கையில் இருந்தால், 2,000 பக்கம் அச்சிட்டதும் அந்தச் சலுகை கரைந்துவிடும்.

டோனர் ரீஃபில் செய்தபின் பக்கத்தில் கறுப்புப் புள்ளி ஒன்று, ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது. (சென்னை)

ஸ்கேல் வைத்து அந்த இடைவெளியை அளங்கள். பல சிறிய லேசர்களில் அது 75 மி.மீ. அளவில் இருந்தால் டிரம்மில் கீறலோ ஒட்டிய பொடியோ காரணம். டிரம் ஒரு சுற்று சுற்றும்போது அதே இடம் மறுபடி தாளில் படுகிறது. இடைவெளி வேறாக இருந்தால் ரோலரிலோ ஃபியூசரிலோ கோளாறு. எந்த இடைவெளிக்கு எந்தப் பாகம் என்ற பட்டியல் அந்தந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் உங்கள் தெருக் கடையானாலும், பொடி நிரப்பும்போது வேஸ்ட் டோனரை (தாளில் ஒட்டாமல் மிஞ்சிய பழைய பொடியை) வெளியே கொட்டுகிறார்களா என்று நின்று பாருங்கள். அதைக் கொட்டாமல் மேலே நிரப்பினால் இரண்டாம் ரீஃபிலில் பொடி கசிந்து பக்க ஓரம் கறுக்கும். மூன்று நான்கு முறைக்குப் பின் டிரம், அதைத் துடைக்கும் வைப்பர் பிளேடு இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். சிப் உள்ள கார்ட்ரிட்ஜ் என்றால் பிரிண்டர் ஃபர்ம்வேர் (இயந்திரத்தின் உள் மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு பிற நிறுவன சிப்பை ஏற்காமல் போகலாம். ரீஃபிலை நம்பித்தான் வாங்குகிறீர்கள் என்றால் இதைக் கடைக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். கையில் பொடி பட்டால் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம்.

‘டியூப்ளக்ஸ், ஏ.டி.எஃப் உள்ளது’ என்று சொல்லி விற்றார்கள். இருபக்கமும் எழுத்துள்ள தாளை வைத்தால் ஒரு பக்கம்தான் ஸ்கேன் ஆகிறது. (மதுரை)

பிரிண்டர் வாங்குவோர் அதிகம் ஏமாறுவது இந்த ஒரு சொல்லில்தான். விளம்பரத்தில் ‘டியூப்ளக்ஸ்’ என்றால் பெரும்பாலும் அச்சிடும்போது மட்டும் இருபக்கம். ஏ.டி.எஃப் என்பது தாள் கட்டை ஒவ்வொன்றாக உள்ளே இழுக்கும் மேல்தட்டு, அவ்வளவுதான். இருபக்க ஸ்கேன் வேண்டுமானால் கொட்டேஷனில் இரண்டு வகைச் சொற்களில் ஒன்று இருக்க வேண்டும். ‘ஆர்.ஏ.டி.எஃப்’ என்றால் தாளை ஒரு பக்கம் படித்து, உள்ளே திருப்பி மறுபக்கம் படிக்கும். மெதுவாக நடக்கும், பழைய தாள் சிக்கும் வாய்ப்பும் கூடும். ‘சிங்கிள் பாஸ்’ அல்லது ‘டூயல் ஸ்கேன்’ என்றால் மேலும் கீழும் சென்சார் இருக்கும், ஒரே ஓட்டத்தில் முடியும். தினம் 100 தாளுக்கு மேல் ஸ்கேன் செய்பவர்கள் சிங்கிள் பாஸுக்கே போங்கள், கூடுதல் விலை வீண்போகாது.

ஏ.டி.எஃப்பில் எடுத்தால் மட்டும் பக்கம் முழுக்க நேர்கோடு விழுகிறது, கண்ணாடியில் வைத்து எடுத்தால் விழவில்லை என்றால் பழுது எதுவும் இல்லை. பெரிய கண்ணாடிக்கு இடப்பக்கம் விரலகலத்தில் ஒரு குறுகிய கண்ணாடிப் பட்டை இருக்கும். அதில் ஒயிட்னரோ பசையோ ஒட்டியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் துடையுங்கள். இதற்கே சர்வீஸ் கட்டணம் கொடுத்தவர்கள் நிறைய. பழைய கிரயப் பத்திரம், கிழிந்த தாள், ஸ்டாப்ளர் பின் உள்ளது எதையும் ஏ.டி.எஃப்பில் போடாதீர்கள். கண்ணாடிமேல் வைத்தே எடுங்கள்.

ஸ்கேனருக்கு 4,800 டி.பி.ஐ தேவையா? (கோயம்புத்தூர்)

தேவையில்லை. டி.பி.ஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. ‘ஆப்டிகல்’ என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். ‘இன்டர்போலேட்டட்’ என்பது மென்பொருள் இட்டு நிரப்பும் புள்ளிகள். ஆவணத்துக்கு 300 போதும். ஏ4 தாளை 300இல் எடுத்தால் 2,480 × 3,508 புள்ளிகள். கலரில் சுருக்காமல் வைத்தால் சுமார் 26 எம்.பி, அதையே 600இல் எடுத்தால் நான்கு மடங்கு. சிறிய எழுத்து, பழைய போட்டோ இவற்றுக்கு 600 வைக்கலாம்.

தடித்த புத்தகத்தை ஸ்கேன் செய்பவர்கள் மட்டும் சென்சார் வகையைக் கேளுங்கள். சி.ஐ.எஸ் சென்சாருக்குக் கண்ணாடியை ஒட்டி இருப்பதுதான் தெளிவாகத் தெரியும், புத்தக நடுமடிப்பு மங்கும். சி.சி.டி அதைச் சமாளிக்கும். தேடக்கூடிய பி.டி.எஃப் வேண்டுமானால் உடன் வரும் ஓ.சி.ஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும்) மென்பொருளின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தைப் பிரித்துத் தரும். பழைய அச்சு என்றால் திருத்தம் நிறைய இருக்கும்.

ஸ்கேன் டு இமெயில் திடீரென்று வேலை செய்யவில்லை. (சேலம்)

ஜிமெயில் கணக்கு என்றால், பழைய முறைக் கடவுச்சொல்லை ஏற்பதை கூகுள் 2022இல் நிறுத்தத் தொடங்கியது. கணக்கில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்கி, 16 எழுத்து ‘ஆப் பாஸ்வேர்டு’ ஒன்றை உருவாக்கி, பிரிண்டரில் அதைக் கொடுங்கள். ஸ்கேன் டு ஃபோல்டர் நின்றுபோனால், பழைய இயந்திரம் எஸ்.எம்.பி 1 (நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் பழைய முறை) மட்டும் அறிந்ததா என்று பாருங்கள். விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளில் அது நிறுவப்படாமலே வருகிறது. பாதுகாப்புக் குறை உள்ள அதை மறுபடி இயக்குவதைவிட யு.எஸ்.பி டிரைவில் சேமிப்பது நல்லது.

எங்கள் ஜப்பான் வாடிக்கையாளர் இன்றும் ஃபேக்ஸ் கேட்கிறார். லேண்ட்லைனை ஃபைபருக்கு மாற்றியபின் ஃபேக்ஸ் பாதியில் அறுந்துவிடுகிறது. (திருப்பூர்)

செம்புக் கம்பியில் ஒலியாகச் சென்றது இப்போது இணையப் பொட்டலங்களாக உடைந்து போகிறது. சில பொட்டலங்கள் தாமதித்தாலும் பேச்சு புரியும், ஃபேக்ஸ் மோடத்துக்குப் புரியாது. இயந்திர மெனுவில் வேகத்தை 33,600 அல்லது 14,400 பி.பி.எஸ்ஸிலிருந்து 9,600க்கு இறக்குங்கள். பிழை வந்த பகுதியைத் திரும்பக் கேட்கும் ஈ.சி.எம் வசதி மோசமான இணைப்பில் அழைப்பை இழுத்தடித்துத் துண்டித்துவிடும், அதை அணைத்தும் சோதியுங்கள். ‘ஃபைன்’ தெளிவை விட்டு ‘ஸ்டாண்டர்டு’க்கு வாருங்கள். செங்குத்துத் தெளிவு அங்குலத்துக்கு சுமார் 196 கோட்டிலிருந்து 98ஆகக் குறையும், அனுப்பும் நேரமும் குறையும். இணைப்பு தரும் நிறுவனத்திடம் ‘டி.38’ ஆதரவு உண்டா என்று கேளுங்கள். இணையவழி ஃபேக்ஸுக்கென்றே வகுத்த முறை அது. இத்தனைக்கும் பிறகு அறுந்தால், மின்னஞ்சலிலிருந்து ஃபேக்ஸ் அனுப்பும் சேவைதான் வழி. ஃபேக்ஸுக்காகவே புது 4-இன்-1 (பிரிண்ட், ஸ்கேன், காப்பி, ஃபேக்ஸ் நான்கும் உள்ளது) வாங்க வேண்டாம்.

இங்க் டேங்க் பிரிண்டரில் மை நிறைய இருக்கிறது, ‘இங்க் பேட் நிறைந்துவிட்டது’ என்று நின்றுவிட்டது. (நாகர்கோவில்)

ஹெட் கிளீனிங் செய்யும்போது வெளியேறும் மையை உறிஞ்சும் பஞ்சு நிறைந்திருக்கிறது. கவுன்ட்டரை மட்டும் ரீசெட் செய்து ஓட்டினால் மை அடியில் வழியும். பஞ்சையும் சேர்த்து மாற்றுங்கள். இனி வாங்கும்போது நாமே கழற்றி மாற்றும் ‘மெயின்டனன்ஸ் பாக்ஸ்’ உள்ள மாடலாகப் பாருங்கள். வாரம் ஒரு கலர் பக்கமாவது அச்சிட்டால் மை உலர்ந்து அடைக்காது, கிளீனிங்கும் குறையும். முத்திரைத் தாளிலும் கவர் முகவரியிலும் அச்சிடுபவர்கள் கறுப்பு மை ‘பிக்மென்ட்’ வகையா என்று உறுதிசெய்யுங்கள். ‘டை’ மை ஈரம் பட்டால் கலையும்.

வாரன்ட்டி விஷயத்தில் பில்லில் என்ன எழுதி வாங்க வேண்டும்? (திருச்சி)

ஆன்-சைட்டா (அவர்களே வந்து சரிசெய்வது), கேரி-இன்னா (நாம் கொண்டுபோய்க் கொடுப்பது) என்பது முதலில். ‘ஒரு வருடம் அல்லது இத்தனை ஆயிரம் பக்கம், எது முந்துகிறதோ’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் இயந்திரத்தை வாங்கிய அன்றே ஸ்டேட்டஸ் பேஜ் அச்சிட்டு, பக்க எண்ணிக்கையைக் குறித்த தாளைப் பில்லோடு வையுங்கள். எண்ணிக்கை பத்து, இருபதுக்கு மேல் இருந்தால் அது டெமோ பீஸாக இருக்கலாம், அங்கேயே கேட்டுவிடுங்கள். ஏ.எம்.சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடும்போது ஃபியூசர், ரோலர், டிரம் உள்ளடங்குமா என்று பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். ‘காம்ப்ரிஹென்சிவ்’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள்.

சீரியல் எண் பில்லில் இருக்கட்டும். புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வணிக நோக்கத்துக்காக வாங்கிய பொருளுக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொதுவாக இடமில்லை. சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கியது என்றால் உண்டு. ஜெராக்ஸ் கடையைத் தாமே நடத்துபவர்கள் அந்த நிலைக்கான ஆதாரமாகத் தொழில் பதிவுச் சான்றையும் புகாருடன் சேர்த்துக் கொடுங்கள்.