நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் வளர்ச்சிக் காரணிகள்: கேள்வி பதில்

அப்பாவுக்குக் கணையத்தில் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் கட்டி). ரத்தத்தில் வி.ஈ.ஜி.எஃப் (ரத்தக்குழாய்களை வளரத் தூண்டும் புரதம்) அளவு பார்த்தால் எவ்வளவு வேகமாக வளரும் என்று தெரியுமா?

தெரியாது. அதைச் சொல்வது பயாப்சியின் கி-67 சதவீதமும் (பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் பங்கு) மைட்டோசிஸ் எண்ணிக்கையும் (பிளவுபடும் செல்கள்)தான். கி-67 3 சதவீதத்துக்குக் கீழ் என்றால் கிரேடு 1, 3 முதல் 20 வரை கிரேடு 2, அதற்கு மேல் கிரேடு 3. கி-67 அதிகம் தெரியும் பகுதியில் குறைந்தது 500 செல்களையாவது எண்ணினார்களா, குத்துமதிப்பாகப் போட்டார்களா என்று கேளுங்கள். கிரேடு எல்லையில் நிற்பவருக்கு அது சிகிச்சையையே மாற்றிவிடும். வி.ஈ.ஜி.எஃப் டெஸ்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆய்வுக்காக வி.ஈ.ஜி.எஃப் அளக்கிறோம். ஒரே ஆளுக்கு சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் திரவம்) ஒரு எண், பிளாஸ்மாவில் (உறையாமல் தடுத்துப் பிரித்த திரவம்) வேறு எண். எது சரி?

பிளாஸ்மா. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தம்மிடமுள்ள வி.ஈ.ஜி.எஃப்-ஐக் கொட்டிவிடும். சீரத்தில் நீங்கள் அளப்பதில் பெரும்பங்கு அதுதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்து, தாமதிக்காமல் சுழற்றுங்கள். மேலடுக்கைப் பிரித்து இன்னொரு முறை சுழற்றிய பிறகே குளிரில் உறைய வையுங்கள். மிஞ்சிய தட்டணுக்கள் உறைந்து உருகும்போது உடைந்து எண்ணை ஏற்றிவிடும்.

வி.ஈ.ஜி.எஃப் கூடினால் ரத்தக்குழாய் கூடும், கட்டி மூர்க்கமாகும். பாடப்புத்தகத்தில் இருப்பதுதானே?

பல புற்றுநோய்களுக்குப் பொருந்தும். இங்கே தலைகீழ். செல்கள் இயல்பான செல்களைப் போலவே தோன்றும், மெதுவாக வளரும் கட்டியில்தான் நுண்குழாய்கள் அடர்ந்திருக்கும்; கிரேடு ஏற ஏறக் குறையும்.

அப்படியானால் வி.ஈ.ஜி.எஃப் பாதையைத் தடுக்கும் சுனிடினிப் மருந்து எப்படி வேலை செய்கிறது? முரண்படுகிறீர்கள்.

முரண் இல்லை. மருந்து தாக்கும் இலக்கு வேறு, நோயின் போக்கைச் சொல்லும் முன்கணிப்புக் குறி வேறு. 2011-இல் வெளியான கணையக் கட்டி ஆய்வில் தினம் 37.5 மி.கி. எடுத்தவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் 11.4 மாதம், பிளாசிபோவில் (போலி மாத்திரை) 5.5. வி.ஈ.ஜி.எஃப் அளவு பார்த்தா அவர்களைச் சேர்த்தார்கள்? இல்லை. மருந்து தொடங்கியதும் ரத்தத்தில் வி.ஈ.ஜி.எஃப் ஏறும், ரத்தத்தில் கரைந்திருக்கும் வி.ஈ.ஜி.எஃப் ஏற்பி-2 (அதன் சிக்னலை வாங்கும் புரதம்) இறங்கும். அது மருந்தின் விளைவு. அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டதென்று மருந்தை நிறுத்தினால் நஷ்டம் நோயாளிக்கு.

பெவாசிசுமாப் வி.ஈ.ஜி.எஃப்-ஐ நேரடியாகவே பிடிக்கிறதே, அதைக் கொடுக்கலாமே?

எல்லோருக்கும் ஆக்ட்ரியோடைடு (ஹார்மோன் சுரப்பை அடக்கும் ஊசி) கொடுத்து, அதோடு பெவாசிசுமாப் சேர்த்தவர்களையும் இன்டர்ஃபெரான் சேர்த்தவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில், நோய் முற்றாக் காலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. சுனிடினிப் வி.ஈ.ஜி.எஃப் ஏற்பிகளோடு பி.டி.ஜி.எஃப் ஏற்பி, கிட் என்ற வேறு வளர்ச்சி ஏற்பிகளையும் தடுக்கிறது. 2025-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கபோசான்டினிப் மெட் என்ற ஏற்பியையும் சேர்த்துத் தடுக்கிறது. ஒரு கதவை மட்டும் சாத்துவது இந்தக் கட்டிக்குப் போதவில்லை என்பது என் கருத்து.

ஐ.ஜி.எஃப்-1 (இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணி) ஏற்பி இந்தக் கட்டிகளில் நிறைய உண்டே?

உண்டு. அதற்கெதிரான ஆன்டிபாடிகளை முயன்றார்கள், சொல்லும்படி பலன் இல்லை. எவரோலிமஸ் மாத்திரை, செல் வளர்ச்சியை இயக்கும் எம்டார் புரதத்தைத் தடுக்கும்போது, ஐ.ஜி.எஃப் பாதையைக் கட்டுப்படுத்தும் பின்னூட்டமும் அறுந்து, ஏகேடி என்ற வளர்ச்சிப் புரதம் மீண்டும் தூண்டப்படும். மருந்துக்கு எதிர்ப்பு உருவாக இது ஒரு வழி.

இன்சுலினோமாவுக்கு (இன்சுலினை அதிகம் சுரந்து சர்க்கரையை இறக்கும் கட்டி) எது, எவரோலிமஸா சுனிடினிப்பா?

எவரோலிமஸ் சர்க்கரையை ஏற்றும். அங்கே அந்தப் பக்கவிளைவே உதவி. சுனிடினிப் இறக்கவும் கூடும்.

அம்மா ஆக்ட்ரியோடைடு போடுகிறார். வி.ஈ.ஜி.எஃப் டெஸ்ட் எடுக்கலாமா?

முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான்: வேண்டாம்.

குரோமோகிரானின் ஏ (இந்தக் கட்டிகள் ரத்தத்தில் விடும் புரதம்) ஏறியிருக்கிறது. வி.ஈ.ஜி.எஃப்-உம் பார்க்கட்டுமா?

வேண்டாம், வேண்டாம். பான்டோபிரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறீர்களா? அதுவே குரோமோகிரானினை ஏற்றும். மருத்துவர் சம்மதித்தால் இரண்டு வாரம் நிறுத்தி மறுபடி பாருங்கள்.

சுனிடினிப் எடுக்கிறேன். அடுத்த வாரம் பல் பிடுங்க வேண்டும்.

பல் மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லித் தேதியைத் தள்ளிப் போடுங்கள். அவசரம் இல்லாத பட்சத்தில் மூன்று வாரம் முன்பே மருந்தை நிறுத்த வேண்டும்; புண் ஆறாது, தாடை எலும்பு அழுகவும் கூடும். எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதைப் புற்றுநோய் மருத்துவர் சொல்லட்டும்.