மடி

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் கம்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, எல்லை தாண்டி கேரளத்துக் குமுளிக்கு வேலைக்குப் போகிறேன். ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்கு பார்க்கிறேன். வேலை தெரியாமல் இல்லை, ஆறு வருஷமாக இதுதான் செய்கிறேன். போன வருஷம் ஒரு தப்பு நடந்தது. சப்ளையர் இன்னும் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றாத ஒரு பில்லுக்கு, அதில் கட்டிய வரியை எங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் வரவை எடுத்துவிட்டேன். முதலாளி வட்டியோடு திருப்பிக் கட்டினார். பெரிதாகத் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தொடவே கை வரமாட்டேன் என்கிறது. மேஜையைத் துடைக்கிறேன், பழைய பில்களை அடுக்குகிறேன், எல்லோருக்கும் டீ வாங்கப் போகிறேன். 20-ஆம் தேதி ராத்திரி வரை இழுத்து, அழுதுகொண்டே முடிக்கிறேன். இரண்டு தடவை தேதியும் தாண்டிவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தாலே "உனக்கு எதுக்குடி இந்த வேலை" என்று உள்ளே ஒரு குரல். சில நாள் தூக்கமும் இல்லை. போன வாரம் முதலாளி சிரித்துக்கொண்டே "மடிச்சி" என்றார். விளையாட்டுக்குத்தான். எனக்கு அது உண்மை என்றே படுகிறது. நான் சோம்பேறிதானா? வேலையை விட்டுவிடலாமா?

எஸ்., கம்பம்

அன்புள்ள எஸ்,

சோம்பேறி மேஜையைத் துடைக்கமாட்டான். எல்லோருக்கும் டீ வாங்கப் போகவும் மாட்டான்.

உங்கள் முதலாளி சொன்ன சொல்லிலிருந்தே தொடங்கலாம். மலையாளத்தில் மடியன், மடிச்சி என்றால் சோம்பேறிதான், சரி. ஆனால் அதே மலையாளத்தில் 'சோதிக்கான் மடி' என்றால் கேட்கச் சோம்பல் என்று பொருளில்லை. கேட்கத் தயக்கம், கூச்சம். 'மடிச்சு நின்னு' என்றால் தயங்கி நின்றான். ஒரே சொல்லுக்குள் இரண்டும் இருக்கின்றன. தினமும் அந்த மொழியில் வேலை பார்க்கும் உங்களுக்கு இது தெரியாததல்ல. ஆனால் திட்டு என்று வந்ததும் முதல் அர்த்தத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டீர்கள். உங்களிடம் இருப்பது இரண்டாவது.

நம் பக்கத்திலும் இந்த வேறுபாடு பழையது. மடியின்மை அதிகாரத்திலேயே வள்ளுவர் "நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்" என்று எண்ணுகிறார் (605). நெடுநீர் என்றால் காலம் நீட்டிப்பது. அதை மடியோடு கலக்காமல் தனியே வைத்திருக்கிறார். நான்கும் கெடுப்பவைதான், அதில் அவர் சலுகை காட்டவில்லை. ஆனால் வேறு வேறு என்று தெரிந்தால்தானே வைத்தியம் பார்க்க முடியும்.

இதை நான் படித்துவிட்டுச் சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன். பத்து வருஷத்துக்கு முன் ஒரு பதிப்பகத்துக்காக மலையாளக் கட்டுரைகளை மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டேன். மூன்று மாத வேலை. முதல் கட்டுரையை அனுப்பியதும் "நடை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது" என்று பதில் வந்தது. ஒரே வரி. அதற்குப் பிறகு ஏழு மாதம் அந்தக் கோப்பை நான் திறக்கவில்லை. அதன் பெயரை மாற்றினேன். வேறு ஃபோல்டரில் போட்டேன். அந்த ஃபோல்டரையும் திரையில் கண் படாத மூலைக்கு இழுத்து வைத்தேன். அவர்கள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பேன், அது மேஜையில் அதிர்ந்து அதிர்ந்து நகரும், பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் திறந்தபோது அந்தக் கட்டுரையில் திருத்த வேண்டியிருந்தது நாலே பக்கம்.

ஏழு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை, என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டினால் வேலை நடக்கும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. நடப்பது வேறு. கோப்பின் பக்கத்தில் போனாலே குரல் ஆரம்பிக்கிறது. விலகினால் நிற்கிறது. அப்போது கொஞ்ச நேரம் ஒரு நிம்மதி வருகிறதே, அதுதான் கூலி. கூலி கொடுத்தால் மனசு மறுநாளும் அதே வேலைக்கு வந்து நிற்கும்.

கனடாவில் முதலாண்டு மாணவர்கள் 119 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். மன்னித்தால் துளிர்விட்டுப் போகும் என்றுதானே நினைப்போம்? அங்கே கண்டது நேர்மாறு.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தேதி தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரி பாக்கி இருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அரசாங்கம்கூட அந்தத் தாமதக் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. நீங்கள் ஒரு பில்லுக்காக ஒரு வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

என் அம்மா பல வருஷம் விடியற்காலை ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போனவர். உங்களுக்குத் தெரியும், ஏலக்காய் செடியின் தூரில், தரையை ஒட்டி ஓடும் சரத்தில் காய்க்கும். ஒரே சரத்தில் விளைந்த காயும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், பூவும் இருக்கும். ஈரத் தரையில் குந்தி, விளைந்ததை மட்டும் கிள்ளிவிட்டு அடுத்த செடிக்கு நகர வேண்டும். மிச்சத்துக்கு ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்து அடுத்த சுற்று. அவசரப்பட்டுப் பிஞ்சையும் பறித்தால் உலர்த்தும் ஸ்டோரில் காயும்போது சுருங்கிவிடும், எடை நிற்காது. செடியில் காயை விட்டுவிட்டு வந்தோமே என்று அம்மா ஒரு ராத்திரியும் தூங்காமல் கிடந்ததில்லை. (கூலி பாக்கிக்காகக் கிடந்திருக்கிறார், அது வேறு கதை.)

நீங்கள் ஒரே ராத்திரியில் எல்லாக் காயையும் பறிக்கிறீர்கள். 14-ஆம் தேதி 2பி, அதாவது சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல், வந்துவிடுகிறது இல்லையா? 15-ஆம் தேதி காலை, டீக்கு முன்னால், அதையும் உங்கள் கொள்முதல் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரிட்டர்ன் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். பொருந்துகிற பில்லுக்கு டிக். பொருந்தாததை ஒரு நோட்டில் எழுதுங்கள்: சப்ளையர் பெயர், பில் எண், தொகை. ஏன், எப்படி என்று அங்கே யோசிக்காதீர்கள். அரைமணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். மறுநாள் அடுத்த சுற்று. நோட்டில் கடைசியாக ஏழெட்டு வரிதான் நிற்கும் என்று நினைக்கிறேன். உங்களைப் பயமுறுத்துவது அந்த ஏழெட்டு வரிதான், மொத்த ரிட்டர்ன் இல்லை. குரல் அப்போதும் வரும். அதோடு வாதாட உட்காராதீர்கள், வாதாடுவதும் தள்ளிப்போடுவதில் ஒரு வகைதான். அது பாட்டுக்குப் பேசட்டும், நீங்கள் பில் எண்ணைப் பாருங்கள்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அப்புறம், வேலையை விடுவது. விடலாம், ஆனால் தேதி தாண்டிய மாதத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள். இந்த மாதம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு 17-ஆம் தேதி வாக்கில் முதலாளியிடம் போங்கள். "இந்த பில்லெல்லாம் கேட்க வேண்டியிருந்தது, சோதிக்கான் மடியாயிருந்நு" என்று சொல்லுங்கள். அந்த மடி அவருக்குப் புரியும்.