பிரஷர் மாத்திரையால் தோல் புற்றுநோய் வருமா?

கேள்வி: எனக்கு 58 வயது. பிரஷருக்காக ஹைட்ரோகுளோரோதயாசைடு 12.5 மில்லிகிராம் கலந்த கூட்டு மாத்திரையை 9 வருடமாகச் சாப்பிடுகிறேன். இப்போது முகமும் முன்கைகளும் கறுத்துவிட்டன, வெயில் பட்டால் அரிக்கிறது. இந்த மருந்து தோல் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று படித்ததும் பயந்துபோய் நான்கு நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டேன். செய்தது சரிதானா?

பதில்: சரியில்லை. இன்றைக்கே பிரஷரைப் பார்த்துவிட்டு, உங்கள் டாக்டரிடம் பேசி மருந்தைத் திரும்ப ஆரம்பியுங்கள். கூட்டு மாத்திரை என்பதால் நீங்கள் நிறுத்தியது ஒரு மருந்தை மட்டும் இல்லை, கூடவே இருந்த இன்னொன்றும் நின்றுவிட்டது. கட்டுப்பாடில்லாத பிரஷர் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம், அந்த ஆபத்து நீங்கள் பயப்படும் புற்றுநோயைவிட ரொம்பப் பெரியது.

அதற்காக நீங்கள் படித்தது பொய் என்று சொல்லமாட்டேன். டென்மார்க்கில் நடந்த ஆய்வுகளில், இந்த மருந்தை மொத்தமாக 50,000 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு, செதிள் செல் புற்றுநோய் எனப்படும் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காக இருந்தது. நீங்கள் இதுவரை சாப்பிட்டது சுமார் 41,000. ஆனால் 'நான்கு மடங்கு' என்றதும் கலங்க வேண்டாம், எதன் நான்கு மடங்கு என்று பார்க்க வேண்டும்: அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் சொன்ன கணக்குப்படி, இதைச் சாப்பிடும் 16,000 பேரில் வருடத்துக்குக் கூடுதலாக ஒருவருக்கு வரலாம், அதுவும் பெரும்பாலும் வெள்ளைத் தோல் உள்ளவர்களுக்கு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றுதான் அவர்களும் சொன்னார்கள்.

இப்போது உங்கள் கறுப்புக்கு வருவோம். இந்த மருந்து தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் புற ஊதாக் கதிரே போதும், தோல் அழன்று, ஆறும்போது நிறம் ஏறிவிடும். வாட்ச் பட்டைக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் தோல் பழைய நிறத்திலேயே இருந்தால் வெயிலுக்கு இதில் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கறுப்பு புற்றுநோய் இல்லை. தயவுசெய்து இதற்காக கடையில் கேட்டு வெளுப்பாக்கும் க்ரீம் எதையும் பூசாதீர்கள், பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரிய ஆரம்பித்துவிடும், அப்புறம் அதைச் சரிசெய்வது இதைவிடப் பெரிய பாடு.

டாக்டரிடம் கறுப்பையும் அரிப்பையும் காட்டி, ஹைட்ரோகுளோரோதயாசைடு இல்லாத வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள், அம்லோடிபின் மாதிரி மாற்று வழிகள் நிறைய இருக்கின்றன. மாற்றினால் அரிப்பு சில வாரங்களில் அடங்கும், நிறம் இறங்க மாதக்கணக்காகும், பொறுமை வேண்டும். அதுவரை முழுக்கைச் சட்டை, தொப்பி, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன்.

கீழ் உதடு, காது விளிம்பு, புறங்கை, இந்த மூன்றையும் மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நான்கு வாரமாகியும் ஆறாத புண், தொட்டால் ரத்தம் வரும் முடிச்சு, சொரசொரப்பாகத் தடித்துக்கொண்டே போகும் திட்டு, இவற்றில் எது தென்பட்டாலும் தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சின்ன அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும்.