ஆச்சி தோளில் சாய்ந்துகொள்ளும் மகள்

கேள்வி: என் மகளுக்குப் பதினோரு மாதம். மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குப் போகிறேன். மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். ஆறு மாதத்தில் யார் தூக்கினாலும் சிரிப்பாள். இப்போது நான் கிளம்பினால் கதறுகிறாள், அதனால் அத்தை சொன்னபடி அவள் பார்க்காத நேரம் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறேன். சாயங்காலம் வந்து கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆச்சி தோளில் சாய்கிறாள். என்னை மறந்துவிட்டாளா? வேலையை விட்டுவிடலாமா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: மறந்த குழந்தை கதறாதும்மா. நீங்கள் நினைவில் இருப்பதால்தான் இத்தனை அழுகையும்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே தன் மூன்று குழந்தைகளையும் வீட்டிலேயே உட்கார்ந்து கவனித்து நிறைய எழுதி வைத்தவர். கண்ணெதிரே ஒரு பொம்மையைத் துணிபோட்டு மூடினால், ஏறக்குறைய எட்டு மாதம் வரை குழந்தை அதைத் தேடுவதில்லை, அதற்குப் பிறகு துணியை விலக்கித் தேட ஆரம்பிக்கிறது என்று கண்டார். (அதற்கு முன்பே குழந்தைக்கு இது கொஞ்சம் புரியும் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள், ஆனால் தேடிப் போவது அந்த வயதில்தான்.) உங்கள் மகள் இப்போது அங்கே வந்து நிற்கிறாள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அம்மா எங்கேயோ இருக்கிறாள் என்று தெரிகிறது, ஆனால் சாயங்காலம் என்றால் என்ன, ஆபீஸ் என்றால் என்ன, எப்போது வருவாள் என்பதெல்லாம் தெரியாது. பாதி தெரிந்து பாதி தெரியாத இந்தக் கட்டம்தான் கஷ்டம். பொதுவாகப் பத்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை உச்சத்தில் இருக்கும், அப்புறம் பேச்சு வர வர மெல்லத் தணியும்.

அதனால்தான் அந்தப் பின்வாசல் வேலை வேண்டாம் என்கிறேன். அத்தை நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார், பல வீடுகளில் நடப்பதும்தான். ஆனால் அம்மா எந்த நிமிடமும் சொல்லாமல் மறைந்துவிடுவாள் என்று பழகிய குழந்தை, நீங்கள் குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். முன்வாசலில் நின்று, தினமும் ஒரே மாதிரி, "அம்மா போயிட்டு வரேன்" என்று சொல்லி ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அழுவாள். திரும்பி ஓடி வராதீர்கள். எவ்வளவு நேரம் அழுதாள் என்று அத்தையிடம் போனில் கேளுங்கள், பெரும்பாலும் நீங்கள் பஸ் ஏறுவதற்குள் அவள் விளையாட ஆரம்பித்திருப்பாள். லீவு நாளில் முந்தானையால் முகத்தை மூடிக் "காணோமே" விளையாடுங்கள், மறைந்தவர் திரும்பி வருவார் என்பதைச் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சாயங்காலம் முகத்தைத் திருப்புவது உங்களைக் குத்துகிறது, புரிகிறது. குழந்தை அம்மாவிடம் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் செய்த புகழ்பெற்ற சோதனையில் அம்மா சில நிமிடம் அறையை விட்டு வெளியே போய்த் திரும்புவார். போகும்போது குழந்தை அழுததா என்பதைவிட, திரும்பி வந்ததும் என்ன செய்தது என்பதையே முக்கியமாகப் பார்த்தார்கள். இதை எங்காவது அரைகுறையாகப் படித்துவிட்டு மகளுக்குப் பட்டம் கட்டாதீர்கள். பகல் முழுக்கப் பிரிந்திருந்து, தூக்கமும் சோர்வுமாக இருக்கிற பதினோரு மாதக் குழந்தை உடனே தாவி வரவில்லை என்பதை வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது. வந்ததும் கை நீட்டிப் பிடுங்காமல், முகம் கழுவி, போனைத் தூர வைத்துவிட்டு ஆச்சி பக்கத்தில் தரையில் உட்காருங்கள். அவளே வரட்டும்.

ஆச்சியிடம் போகும் பாசம் உங்கள் கணக்கிலிருந்து கழிவதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைக் கவனித்து ஷாஃபர், எமர்சன் இருவரும் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் ஒட்டிக்கொண்டிருந்தன. யார் அதிக நேரம் கூட இருந்தார் என்பதைவிட, குழந்தை கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்த்தார் என்பதே அதில் பெரிதாக இருந்தது. குளிப்பாட்டுவதோ தூங்கவைப்பதோ, தினமும் ஒரு வேலையை உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட வேறு காரணம் இருந்தால் அது வேறு பேச்சு, இந்த அழுகைக்காக விடாதீர்கள். ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, மழலைச் சத்தமே இல்லை என்றால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், கடிதம் முழுக்க உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? கிளாஸ்கோ குழந்தைகளில் பலர் அப்பாவிடமும் ஒட்டிக்கொண்டார்கள். காலையில் நீங்கள் கிளம்பும் நேரத்தில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்க அவரால் முடியுமா என்று இன்றைக்கே கேளுங்கள்.